ஜெயமணி வீட்டுக் கோட்டைவாசல்

கோட்டையே இல்லாத தீவில் கோட்டைவாசல் கண்டுபிடிக்கப்பட்ட அன்று காலை, ஜெயமணி அதில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சௌல்தாரி ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஜீப் ஒன்று அவள் வீட்டைத் தாண்டிப் போய், நின்று, யோசித்து, பின்பக்கமாகவே திரும்பி வந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். வீட்டுக்காரியைப் பார்க்கவில்லை, ஆட்டையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்சுவராக நின்ற செங்கல் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளையோ, என்ன துக்கமோ என்று ஜெயமணி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தண்ணீரைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

வந்தவர் பெயர் கிருஷ்ணமூர்த்தி. இடைக்காலக் கோட்டைவாசல் ஆய்வுப் பிரிவின் அதிகாரி. மெயின்லேண்டில் ஏதோ ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்கு, நாட்டிலுள்ள கோட்டைவாசல்கள் அத்தனைக்கும் கட்டடக்கலை வரலாறு எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றியதோடு நிற்காமல், பிரதேசத்துக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு ஜீப் என்று உத்தரவும் போட்டுவிட்டார். அந்தமானுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. இங்கே ராஜாவும் இருந்ததில்லை, கோட்டையும் இருந்ததில்லை. வெள்ளைக்காரன் கட்டிய ஜெயில் உண்டு, ஆனால் அது இடைக்காலத்தில் சேராது. ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பினால் பிரிவை மூடிவிட்டு, ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேற வேண்டியதுதான். கிருஷ்ணமூர்த்தி நேர்மையான மனிதர். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் இருக்கிற எதையாவது தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தக் கோபுரத்தின் கதை ஜெயமணிக்குத் தெரியும். அவளும் புருஷன் சிவஞானமும் பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, காடு வெட்டித் திருத்திய இந்த நிலத்தில் கால் வைத்த வருஷம், காலனியைத் திறந்துவைக்க ஒரு மந்திரி வருவதாக இருந்தது. அவரை வரவேற்க ரோட்டுக்குக் குறுக்கே வளைவு கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் கோபுரம், நடுவில் வளைவு, உச்சியில் கொடி. செங்கல்லுக்கு எங்கே போவது? வெள்ளைக்காரன் காலத்தில் கட்டி இடிந்து கிடந்த பாரக் கட்டடத்திலிருந்து லாரியில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு கோபுரம் முடிந்து, வளைவில் கால்வாசி எழும்பியபோது, கடல் சரியில்லை என்று மந்திரியின் கப்பல் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. மறுநாள் மிஸ்திரி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிற்பாடு ரோட்டையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். சர்க்கார் மறந்துபோன சுவர் சும்மா நிற்பானேன் என்று சிவஞானம் அதைப் பின்சுவராக வைத்து, மற்ற மூன்று பக்கமும் மூங்கில் தட்டி கட்டி மண் பூசி, மேலே தகரம் போட்டான். சாரம் கட்டிய ஓட்டைகள் கோபுரத்தில் அடைக்காமல் கிடந்தன. அவற்றில் படாக் மர உத்தரங்களைச் செருகி, மறுமுனையைத் தூண்களில் இறுக்கினான். வீடு நன்றாக உட்கார்ந்துகொண்டது. அங்கேதான் மகள் மங்கையர்க்கரசி வளர்ந்தாள், வயதுக்கு வந்தாள், கார் நிக்கோபாரில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் திருநாவுக்கரசுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது. மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஊர் மழையைப் பற்றித் தெரியாது. வருஷத்தில் பெரும்பகுதி அது வேறு வேலையே இல்லாததுபோலப் பெய்யும். புதுச் சைக்கிளை ஒரு மழைக்காலம் வெளியே விட்டால் தாத்தா காலத்துச் சைக்கிள் ஆகிவிடும். கோபுரம் அத்தனை மழைக்காலமும் வெளியே நின்றது. பாசி படர்ந்து கறுத்தது. பறவை போட்ட விதையில் ஆலங்கன்று முளைத்து, வேர் செங்கல்லைக் கவ்விக்கொண்டு இறங்கியது. காரை உதிர்ந்தது. கும்பகோணத்தில் நானூறு வருஷம் எடுத்துக்கொள்கிற காரியத்தை இங்கே பத்து வருஷத்துக்குள் முடித்துக் கொடுத்துவிட்டது.

இதையெல்லாம் ஜெயமணி கிருஷ்ணமூர்த்தியிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் முதலில் ஓட்டைகளைக் காட்டி, இவை எதற்கு என்று கேட்டார்.

"சாரம் கட்டுன ஓட்டை, சாப். மிஸ்திரி அடைக்காமப் போயிட்டான்."

அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதை வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். அம்பெய்யும் துளைகள் என்றும், கோபுரத்தைக் கட்டிய சிற்பி வேலையை முடிக்காமல் மறைந்துவிட்டதாக உள்ளூர் மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது என்றும் படித்தார்.

"கதையில்ல சாப். நான் பார்த்தேன்."

"அம்மா, இதையெல்லாம் உங்க முன்னோர் உங்களுக்குச் சொன்னாங்களா?"

"முன்னோர் எங்க வந்தாங்க? அவங்க பரமக்குடியில இருக்காங்க. கட்டும்போது நான் இங்கதான் நின்னேன்."

கிருஷ்ணமூர்த்தி இரக்கத்தோடு சிரித்தார். "ஜனங்க எப்பவுமே அப்படித்தாம்மா சொல்வாங்க, நேர்ல பார்த்த மாதிரி. கர்ணபரம்பரைக் கதையோட அழகே அதுதான்."

ஆடு கட்டிய இரும்பு வளையம் யானை கட்டிய வளையமாயிற்று. அடுப்புப் புகை படிந்து கறுத்த சுவரைத் தடவிப் பார்த்தவர், எதிரிகள் மேல் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள், பெரிய முற்றுகை ஒன்று நடந்திருக்கிறது என்றார். இட்லிக் கொப்பரை வைக்கிற இடம் அது என்று ஜெயமணி சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார். முற்றுகையின் நினைவு மக்கள் மனத்தில் சமையலாக உருமாறித் தங்கியிருப்பதாக எழுதினார். போகும்போது கைகூப்பிவிட்டுப் போனார். கைகூப்புகிற அதிகாரியை ஜெயமணி அதுவரை பார்த்ததில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் மெயின்லேண்டிலிருந்து நிபுணர் குழு வந்து இறங்கியது. மூன்று பேர். ஒருவர் இது சோழர் கடற்படையின் வேலை என்றார். இன்னொருவர் அரபு வணிகர்கள் கட்டியது என்றார். மூன்றாமவர் இரண்டையும் மறுத்தார், ஆனால் தன் கருத்தைப் புத்தகமாக எழுதுவதாக இருப்பதால் இப்போது சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். கோபுர நிழலில் ஜெயமணியின் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு மதியம் வரை சண்டை போட்டார்கள். கடைசியில் இடைக்காலம் என்று ஒத்துக்கொண்டார்கள். இடைக்காலம் என்றால் இரண்டு காலத்துக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் மனவருத்தம் இல்லை.

குழுத்தலைவர் எழுந்து, கேட்பதற்கு ஜெயமணியையும் ஆட்டையும் தவிர வேறு யாரும் இல்லாதபோதும், ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இந்தத் தீவுகளுக்கு வரலாறு இல்லை என்று யாரும் இனிமேல் சொல்ல முடியாது என்றார். வரலாறு இல்லாத இடத்துக்கு வரலாற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் கடமை, ரோடும் தண்ணீரும் பின்னால் வரும் என்றார். பிறகு கோபுரத்தைச் சுற்றிவந்து, ஜெயமணியின் வீட்டை இப்போதுதான் கண்டவர்போல் நின்று, "இது என்ன?" என்று கேட்டார்.

"பிற்சேர்க்கை, சார்," என்றார் கிருஷ்ணமூர்த்தி.

அந்தச் சொல்லின் அர்த்தம் ஜெயமணிக்கு அப்போது தெரியவில்லை. வீட்டை அப்புறப்படுத்த வேண்டும் என்று நோட்டீஸ் வந்தபோது தெரிந்தது.

மங்கையர்க்கரசிக்கு அது தலைப்பிரசவம். சித்திரை முடிந்து வைகாசியில் பிள்ளை பிறக்கும், தாய்வீட்டுக்குத்தான் வருவாள், அதற்குள் மழையும் பிடித்துவிடும். வருகிற பெண்ணை எங்கே படுக்கவைப்பது? சிவஞானம் மரைன் போட்டில் கயிறு கட்டி அவிழ்க்கிற கலாசி வேலை பார்த்தான், தீவு தீவாகப் போய்க்கொண்டிருப்பான். அந்த வாரம் கரைக்கு வந்தவனிடம் நோட்டீஸைக் காட்டினாள். அவன் படித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு சர்க்காரோடு மல்லுக்கு நிற்க முடியாது என்றான். மாற்று இடம் தருவதாகப் போட்டிருக்கிறதே என்று அவளையே தேற்றினான். மாற்று இடம் என்பது மேட்டுக்கு அந்தப் பக்கம், இன்னும் வெட்டாத காடு. அதை அவளும் பார்த்திருக்கிறாள், அவனும் பார்த்திருக்கிறான்.

அவள் சும்மா இருக்கவில்லை. பஸ் ஏறிப் போர்ட் பிளேர் போனாள். அந்த வளைவைக் கட்டிய இலாகாவே வந்து, இது நாங்கள் கட்டியது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தாள். எஞ்சினியர் ஃபேனுக்கு அடியில் நல்லவராகத்தான் உட்கார்ந்திருந்தார். இந்தியில் பேசினார், அவளும் தெரிந்த இந்தியில் சொன்னாள். அந்த வளைவை நாங்கள் கட்டி முடித்தோம், மந்திரி அதற்குள் நுழைந்து போனார், விழா முடிந்ததும் பிரித்து எடுத்துவிட்டோம், எல்லாம் முறைப்படி ஆபீசில் பதிவாகியிருக்கிறது என்றார் அவர். மந்திரி வரவே இல்லையே என்றாள் ஜெயமணி. வந்தார், மாலைகூடப் போட்டோம் என்றார். எஞ்சினியர் அந்த வருஷம் இந்தத் தீவிலேயே இல்லை.

"அப்ப அங்க நிக்கிறது என்ன, சாப்?"

"பிரித்தெடுத்தது எப்படி நிற்கும்? நிற்கிறதென்றால் அது எங்களுடையது இல்லை." பிறகு தணிந்த குரலில், உண்மையான வருத்தத்தோடு, தங்கையிடம் பேசுவதுபோல, "நீயே யோசித்துப் பார் பெஹன். எங்கள் இலாகா கட்டியது எது இத்தனை மழைக்கு நின்றிருக்கிறது?" என்றார்.

ஜெயமணி யோசித்துப் பார்த்தாள். அதில் நியாயம் இருந்தது.

பங்குனியில் ஆட்கள் வந்தார்கள். முரட்டுத்தனம் ஒன்றும் காட்டவில்லை. பானை சட்டிகளைப் பத்திரமாக வெளியே எடுத்து வைத்தார்கள். தகரத்தைக் கழற்றினார்கள், தட்டிகளைச் சாய்த்தார்கள், உருவாதீர்கள் என்று ஜெயமணி சொல்லச் சொல்ல, கோபுரத்தின் ஓட்டைகளிலிருந்து உத்தரங்களை ஒவ்வொன்றாக உருவினார்கள். கடைசி உத்தரம் வெளியே வந்தபோது கோபுரத்துக்குள் எங்கோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஜெயமணிக்குக் கேட்டது. மற்றவர்கள் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் தார்பாய் போட்டுக்கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். கார் நிக்கோபார் கப்பலில் வந்து இறங்கிய மங்கையர்க்கரசி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, பழக்கதோஷத்தில் கோபுரத்தை நோக்கி நடந்து, பாதியில் நின்றாள். "அம்மா, வீடு எங்கம்மா?" என்றாள். எதிர்ப்பக்கத் தார்பாய்க்குள்ளிருந்து ஜெயமணி வெளியே வந்தாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் முன்னால் அழக் கூடாது என்று ஆட்டைத் தேடுகிறவள்போல அப்பால் போனாள். வாழ்நாளில் அப்படியொரு அவமானம் அவளுக்கு நேர்ந்ததில்லை.

கோபுரம் சாய ஆரம்பித்ததை முதலில் சொன்னது பக்கத்து நிலத்துக்காரன் தாமஸ். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவனை இப்போது பிரிவின் காவலாளாக நியமித்திருந்தார்கள். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவன் வேலை, பார்த்ததில் கண்டுபிடித்துவிட்டான். வீடு இருந்த பக்கமாகக் கோபுரம் தலையைச் சாய்த்திருந்தது.

கிருஷ்ணமூர்த்தி பதறியடித்துக்கொண்டு வந்தார். வீடுதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது, உத்தரத்தை உருவாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன் என்றாள் ஜெயமணி. அவர் அவளை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. உள்ளூர் மக்கள் நம்பிக்கையிலேயே இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று தன்னையே கடிந்துகொண்டார். உடனே மெயின்லேண்டுக்குத் தந்தி பறந்தது. பதிலும் வந்தது. அது பிற்சேர்க்கை அல்ல. இடைக்காலக் கோபுரத்தின் இன்றியமையாத ஆதார அமைப்பு. உலகில் வேறெங்கும் இல்லாத வகை. கட்டடக்கலை வரலாற்றில் நான்காம் கட்டம். இருந்தது இருந்தபடி திரும்ப எழுப்பப்பட வேண்டும், அடுப்பு உட்பட.

ஜெயமணிக்கு இதில் ஒரு சொல்லும் புரியவில்லை. வீட்டைத் திரும்பக் கட்டப்போகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

கட்டும்போது கிருஷ்ணமூர்த்தி அவளைக் கூடவே வைத்துக்கொண்டார். எதையும் அவளைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று ஆட்களுக்கு உத்தரவு. அவள் கண்ணும் கருத்துமாகச் சொன்னாள். உத்தரம் இந்த ஓட்டையில் போகணும், அந்த ஓட்டையில் இல்லை. அடுப்பு வாயில்படியைப் பார்த்து இருக்கக் கூடாது, எதிர்க்காற்றில் புகை உள்ளே அடிக்கும். தூளி கட்டுகிற கொக்கி நடு உத்தரத்தில், கொஞ்சம் தாழ்வாக. அந்தக் கொக்கியைச் சொல்லும்போது மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் சிரித்தாள். கொக்கி எதற்கு என்று கேட்ட கிருஷ்ணமூர்த்தி, ஆயுதங்கள் தொங்கவிட என்று எழுதிக்கொண்டார். எழுதட்டும், எழுதிவிட்டுப் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு. மண் பூசியதைத் தன் கையாலேயே சாணம் போட்டு மெழுகினாள். முன்னை விட அழகாக வந்திருந்தது. உத்தரங்கள் இறுகியதும் நிமிர்ந்து நின்ற கோபுரத்தைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் பெருமை வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த நாள் பானை சட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தபோது, வீட்டைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. வேலியில் கதவு, கதவில் பூட்டு. பாதுகாக்கப்பட்ட சின்னம், அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர் என்று மூன்று மொழியில் போர்டு. தாமஸ் பூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான்.

ஜெயமணி தலைச்சுமையை இறக்காமலே கிருஷ்ணமூர்த்தியைத் தேடிப் போனாள். அவர் பொறுமையாக விளக்கினார். "அம்மா, நீங்க இருந்தது உங்க வீடு. அதை இடிச்சாச்சு, அதுக்கு மாற்று இடமும் குடுத்தாச்சு. இது வேற. இது நினைவுச்சின்னம். இதுல மனுஷங்க குடியிருந்தா அதோட இடைக்காலத்தன்மை கெட்டுப்போகும்." திறப்புவிழாவுக்கு மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், அதற்குப் பிறகு பார்வை நேரத்தில் பொதுமக்கள் யாரும் வந்து பார்க்கலாம், நீங்களும் தாராளமாக வரலாம் என்றார். அந்த இட்லிக் கொப்பரையை மட்டும் கொடுத்துவிட்டால் உள்ளே வைக்கலாம் என்றும் கேட்டார்.

கொப்பரையைக் கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் அவளால் முடிந்தது.

திறப்புவிழா நாள் விடியும்போதே மேற்கே கறுத்துக் கிடந்தது. மழை தூறவில்லை, சாரல் விடவில்லை, ஒரேயடியாகக் கொட்டியது. தென்மேற்கு பிடித்துவிட்டது. தார்பாயின் ஒரு முனை பிய்த்துக்கொண்டு படபடவென்று அடித்தது, மறுமுனையில் தண்ணீர் தேங்கித் தொட்டியாகத் தொங்கியது. ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் ஓடை ரோட்டில் ஏறிவிட்டதால் பஸ் போகாது. அந்த நேரம் பார்த்து மங்கையர்க்கரசிக்கு வலி எடுத்தது. நாலைந்து நாள் கழித்துத்தான் என்று நினைத்திருந்தார்கள். ஈரத் தரையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே வேலிக்குள் நனையாமல் இருந்த வீட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே காட்சிக்குப் போட்ட கட்டில், அடுப்பு, காய்ந்த தரை, தூளிக்கொக்கி. எல்லாம் தயாராக இருந்தன.

ஜெயமணி கொட்டுகிற மழையில் ரோட்டைத் தாண்டிப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தாமஸு, கதவத் தொற."

"அக்கா, சாப் வந்துதான் தொறக்கணும்னு ஆர்டர்." அவன் ரோட்டின் கோடியைப் பார்த்தான். "பெரிய சாப்பு கிளம்பிட்டாருன்னு தாக்கல் வந்துருக்கு. ரிப்பன் கட்டியிருக்கு பாருங்க. என்னைய இந்தக் காவல் நவுக்ரிய விட்டுத் தூக்கிருவாங்கக்கா."

அதற்குள் தாமஸின் பெண்டாட்டி சிசிலியா முக்காட்டோடு ஓடிவந்துவிட்டாள். காலனியில் பாதிப் பிள்ளைகளை அவள்தான் கையில் ஏந்தியிருக்கிறாள். தார்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து புருஷன் எதிரில் நின்று, அவன் இடுப்பு வாரில் தொங்கிய சாவியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். "உம்ம நவுக்ரி போனா கடலு எங்கயும் போயிராது," என்றாள். தாமஸ் தடுக்கவில்லை. தடுக்காததோடு மங்கையர்க்கரசியைத் தூக்கிக்கொண்டும் வந்தான். சிவப்பு ரிப்பனுக்கு அடியில் குனிந்து, நான்காம் கட்டத்துக்குள் நுழைந்தார்கள்.

பெரிய அதிகாரி வந்து சேர்ந்தபோது ஊர்வலத்தில் குடைகளே அதிகமாக இருந்தன. கிருஷ்ணமூர்த்தி தட்டில் கத்தரிக்கோலை ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார். அந்தத் துளைகளிலிருந்துதான் அம்பு பாயும் என்று காட்டிக்கொண்டிருந்தபோது, கோட்டைக்குள்ளிருந்து ஒரு பிள்ளை வீறிட்டது.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். வாசலுக்கு ஜெயமணி வந்தாள். கையில் இட்லிக் கொப்பரை இருந்தது, அதில்தான் வெந்நீர் வைத்திருந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி கோபத்தில் சிவந்து, இது சட்டவிரோதம், உடனே வெளியே வாருங்கள் என்று காலடி எடுத்து வைத்தார்.

"வராதீங்க சாப். புள்ள பெறந்திருக்கு. தீட்டு."

அடுத்த அடிக்கு எடுத்த கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு பின்னால் போயிற்று. பெரிய அதிகாரி அதற்கு முன்பே இரண்டு அடி பின்வாங்கியிருந்தார், விரதத்தில் இருப்பதாகப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எஞ்சினியர் குடையைத் தாழ்த்திக்கொண்டார். முன்பு வந்திருந்தபோது ஆட்டுப் புழுக்கையைக் கையால் தள்ளிவிட்டுத் தரையை அளந்த நிபுணர்கள், ரிப்பனுக்கு இந்தப் பக்கமாகவே ஒதுங்கினார்கள். நோட்டீஸுக்கும் கண்ணீருக்கும் மழைக்கும் அசையாத ஓர் இலாகா முழுவதும் ஒரு பச்சைப் பிள்ளைக்குப் பயந்து ஜீப்பில் ஏறிக்கொண்டது. கத்தரிக்கோல் தட்டிலேயே நனைந்துகொண்டு திரும்பிப் போனது.

மறுநாள் கிருஷ்ணமூர்த்தி தனியாக வந்தார். வேலிக்கு வெளியே, சேற்றில் நின்றுகொண்டார். ஒரு கையில் குடை, ஒரு கையில் குறிப்பேடு. அவர் கண்கள் தூங்கியதாகத் தெரியவில்லை. ஜெயமணிக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, அந்தப் பரிதாபத்தின்மேல் எரிச்சலாகவும் இருந்தது. திறப்புவிழாவுக்கு வேறு தேதி கேட்டிருக்கிறார்கள் என்றார். போலீசைக் கூப்பிடலாம் என்று ஆபீசில் ஒருவர் சொன்னதாகவும், போலீசும் தீட்டு இருக்கும்வரை உள்ளே நுழைய மாட்டோம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

"அம்மா, உங்க வழக்கப்படி இந்தத் தீட்டு எப்ப கழியும்?"

பதினாறாம் நாள் புண்ணியதானம் செய்தால் கழிந்துவிடும். அவள் அம்மாவுக்கு அப்படித்தான், அவளுக்கும் அப்படித்தான். ஜெயமணி உள்ளே திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் மகள் கண்ணயர்ந்திருந்தாள். நடு உத்தரத்துக் கொக்கியில் ஆயுதங்களுக்குப் பதிலாகப் பழைய சேலைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது. இந்த மனுஷரிடம் வந்த நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். ஓட்டையைப் பற்றி, வளையத்தைப் பற்றி, புகையைப் பற்றி, ஒன்றுவிடாமல். ஒன்றையும் அவர் நம்பியதில்லை.

"மழை விடுற வரைக்கும், சாப்," என்றாள்.

"மழை விடற வரைக்குமா?"

"தலைப்பிரசவம் மழையில ஆனா அப்படித்தான். அந்த மழை முச்சூடும் விட்டு, தரை காஞ்சாத்தான் தீட்டுக் கழியும்."

கிருஷ்ணமூர்த்தி பேனாவைத் திறந்தார். "இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"முன்னோர்."

அவர் முகத்தில் இத்தனை மாதமாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது. இதைத்தானே அம்மா நான் முதல் நாளிலிருந்து கேட்கிறேன் என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். இந்தத் தடவை கர்ணபரம்பரைக் கதை என்று எழுதவில்லை. ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்ட இடைக்கால வழக்கம் என்று எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டார். மழைக்காலத்தில் கோட்டைவாசல் ஏன் மூடப்பட்டிருந்தது என்பதற்கும் இதில் விளக்கம் கிடைத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு வேலிக்கு வெளியிலிருந்தே கைகூப்பிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

ஜெயமணி கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தாள். பொய் சொன்ன குறுகுறுப்பு இல்லை, பயம்தான் இருந்தது. தகரத்தின் மேல் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மார்கழி வரைக்கும் தாங்கும். தைக்குள் வானம் வெளுத்துவிடும், தரை காயும், ஜீப் வரும். அந்த வருஷம் மழை நிற்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டவள் இந்தத் தீவு முழுவதிலும் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.